தொகுதிக் கணக்கும் எல்லைக் கோடும்: மறுவரையறையை நீங்களே சரிபார்க்க ஒரு வழிகாட்டி

ஒரு மாநிலத்துக்கு அவையில் எத்தனை இடங்கள் என்பது ஒரு கேள்வி; அந்த இடங்களுக்கான தொகுதிகளின் எல்லை எந்த ஆற்றோடு, எந்தத் தெருவோடு நிற்கிறது என்பது வேறொரு கேள்வி. முதலாவதை இடப் பங்கீடு என்றும் இரண்டாவதை எல்லை மறுவரையறை என்றும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால், ஆணையங்கள் வெளியிடும் அறிக்கைகளைப் படிப்பதில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பங்கீட்டில் அநீதி நேர்ந்தால் ஒரு மாநிலம் முழுவதும் வலுவிழக்கும். எல்லையில் அநீதி நேர்ந்தால் அந்த மாநிலத்துக்குள் வாழும் ஒரு சாரார் வலுவிழப்பர். இரண்டையும் சோதிக்கப் பள்ளிக்கூடக் கணக்கும் ஒரு வரைபடமும் பொறுமையும் போதும்.

யாரை எண்ணுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

எந்த அறிக்கையை எடுத்தாலும் அதன் அடிப்படை எண் மொத்த மக்கள்தொகையா, பதிவுபெற்ற வாக்காளர்களின் எண்ணிக்கையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வரும் மொத்த எண்ணிக்கையைக் கொண்டு இடங்கள் பகிரப்படுகின்றன; பிரிட்டனில் வாக்காளர் பட்டியல்தான் அடிப்படை. குழந்தைகளும் வாக்குரிமை இல்லாத குடியேறிகளும் மிகுந்த ஒரு பகுதிக்கு முதல் முறையில் கிடைக்கும் எடை, இரண்டாவது முறையில் குறைந்துவிடும். எண்ணிக்கை எந்த நாளுக்குரியது என்பதையும் பாருங்கள். பிரிட்டனில் 2023-இல் முடிந்த மறுவரையறை, 2020 மார்ச் 2-ஆம் நாள் இருந்த வாக்காளர் எண்ணிக்கையின் மேல் கட்டப்பட்டது. அதன்பின் குடிவந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

பங்கீட்டைக் கையால் போட்டுப் பார்ப்பது

ஒரு நாட்டில் மூன்று மாநிலங்கள் இருப்பதாகக் கொள்வோம். வடக்கில் 6,00,000 பேர், தெற்கில் 5,95,000 பேர், மலைநாட்டில் 2,05,000 பேர். மொத்தம் 14 லட்சம். அவையில் 10 இடங்கள். மொத்தத்தை 10-ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு 1,40,000 பேர். அதைக் கொண்டு ஒவ்வொரு மாநிலத்தையும் வகுத்தால் வடக்குக்கு 4.29, தெற்குக்கு 4.25, மலைநாட்டுக்கு 1.46 என்று வரும். முழு எண்களை மட்டும் கொடுத்தால் 4, 4, 1. ஓர் இடம் மிஞ்சுகிறது. பின்னம் யாருக்குப் பெரிதோ அவருக்கே அது என்றால், மலைநாடு இரண்டாவது இடத்தைப் பெறும். இதுவரை யாருக்கும் மனக்குறை வராது.

இப்போது அவையைப் பெரிதாக்கி 11 இடங்கள் என்று வையுங்கள். மக்கள்தொகையில் ஒருவர்கூட மாறவில்லை. பங்குகள் 4.71, 4.68, 1.61 என்று ஆகும். முழு எண்கள் அதே 4, 4, 1. மிஞ்சுவது இரண்டு இடங்கள். பெரிய பின்னங்கள் வடக்குக்கும் தெற்குக்கும் என்பதால் முடிவு 5, 5, 1. அவையில் ஓர் இடம் கூடியது. மலைநாட்டுக்கோ ஓர் இடம் குறைந்தது. இந்த இடத்தில் நின்று, தாளில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். இது கற்பனைக்காக ஜோடித்த விபரீதம் அல்ல. அமெரிக்காவில் 1880 கணக்கெடுப்புக்குப் பின் வெவ்வேறு அவை அளவுகளுக்குப் பங்கீடு போட்டுப் பார்த்தபோது, 299 இடங்கள் என்றால் அலபாமாவுக்கு 8 இடங்களும், 300 இடங்கள் என்றால் 7 இடங்களும் வந்தன. அதனால் இதற்கு அலபாமா முரண் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த முரண் வராத வழி வகுஎண் முறை. ஒவ்வொரு மாநிலத்தின் மக்கள்தொகையையும் 1, 3, 5, 7, 9 என்ற ஒற்றைப்படை எண்களால் வரிசையாக வகுத்து, கிடைக்கும் ஈவுகளில் பெரியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் தர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் முதல் ஒன்பது இடங்கள் 4, 4, 1 என்று போகும். பத்தாவது இடத்துக்கான போட்டியில் மலைநாட்டின் ஈவு 68,333; வடக்கின் ஈவு 66,667; தெற்கின் ஈவு 66,111. பத்தாவது மலைநாட்டுக்கு, பதினொன்றாவது வடக்குக்கு. அவை பெருத்ததால் யாரும் எதையும் இழக்கவில்லை.

அமெரிக்கக் கீழவைக்கு 1941 முதல் வகுஎண் முறையின் இன்னொரு வடிவம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் முதலில் ஓர் இடம் தந்துவிட்டு, அந்த மாநிலம் அதுவரை பெற்ற இடங்களின் எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கி, அதற்கு வர்க்கமூலம் கண்டு, அதனால் மக்கள்தொகையை வகுக்கிறார்கள். 435 இடங்களில் கடைசி இடம் யாருக்கு என்பதில் எவ்வளவு சிறிய வேறுபாடு நிற்கிறது என்பதற்கு 2020 கணக்கெடுப்பே சான்று: இன்னும் 89 பேர் எண்ணப்பட்டிருந்தால் நியூயார்க் தன் 27 இடங்களையும் காத்துக்கொண்டிருக்கும், எண்ணப்படாததால் 26 ஆனது. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது பதில் சொல்வதை அலட்சியமாக எண்ணுபவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

பங்கீடு முடிந்ததும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மாநிலத்தின் மக்கள்தொகையை அதற்குக் கிடைத்த இடங்களால் வகுங்கள். 10 இடங்கள் என்ற நிலையில் வடக்கில் ஓர் உறுப்பினருக்கு 1,50,000 பேர். மலைநாட்டில் 1,02,500 பேர். முழு எண்களில் பகிர வேண்டியிருப்பதால் இந்த ஏற்றத்தாழ்வு எந்த முறையிலும் முற்றிலும் மறையாது. எந்த முறை யார் பக்கம் சாய்கிறது என்பதுதான் விவாதிக்கத்தக்க விஷயம்.

காலம் கடத்துவதும் ஒரு முடிவுதான்

பங்கீடு எப்போது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது என்று கட்டாயம் பாருங்கள். கோடுகளைத் தொடாமல் விட்டாலே, மக்கள் இடம்பெயர்ந்துகொண்டிருக்கும்போது, தொகுதிகள் தாமாகவே சமனிழந்துவிடும். இங்கிலாந்தின் ஓல்ட் சாரம், குடியிருப்பவர் என்று சொல்ல ஏறத்தாழ யாருமில்லாத மேடாகிவிட்ட பிறகும், 1832 வரை இரண்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. டென்னசி மாநிலம் 1901-க்குப் பின் அறுபது ஆண்டுகள் தன் சட்டமன்ற இடங்களை மறுபகிர்வு செய்யாமல் இருந்ததுதான், 1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இடப் பகிர்வு குறித்த வழக்குகளுக்குக் கதவைத் திறந்துவிடக் காரணமானது. 1964-இல் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் மக்கள்தொகை அடிப்படையில் அமைய வேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் நடந்தது வேறு வகை. 1976-இல் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மாநிலங்களுக்கிடையிலான மக்களவை இடப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின் அளவிலேயே நிறுத்திவைத்தது. 2001-இல் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காக இடங்களை இழந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். இடையில் 2002-இல் அமைந்த ஆணையம் 2001 கணக்கெடுப்பைக் கொண்டு மாநிலங்களுக்குள் எல்லைகளை மட்டும் மாற்றியது. மாநிலங்களின் இட எண்ணிக்கையில் கை வைக்கவில்லை. பங்கீடும் எல்லையும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

எல்லைக் கோடுகளைச் சோதிப்பது

வரைவு வெளியானதும் ஒவ்வொரு தொகுதியின் எண்ணிக்கையையும் சராசரியிலிருந்து கழித்து, சராசரியால் வகுத்து, விலகலை விழுக்காட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு விலகல் பொறுக்கத்தக்கது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 2023 மறுவரையறையில் சராசரி 73,393 வாக்காளர்கள். 5 விழுக்காடு கூட்டியும் குறைத்தும் 69,724 முதல் 77,062 வரை அனுமதி. தீவுகளுக்கென ஐந்து தொகுதிகளுக்கு விலக்கு. கனடாவில் 25 விழுக்காடு வரை விலகலாம். ஆஸ்திரேலியாவில் ஒரு படி மேலே போய், மூன்றரை ஆண்டுகள் கழித்து வாக்காளர் எண்ணிக்கை எவ்வளவு இருக்கும் என்று கணித்து, அந்த எதிர்கால எண்ணிக்கையிலும் விலகல் 3.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். கோடு போட்ட மறுநாளே அது பழையதாகத் தொடங்கிவிடுகிறது என்பதை உணர்ந்த சட்டம் அது.

எண்ணிக்கை சமமாக இருப்பதால் தொகுதி நியாயமாக அமைந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். கட்டம் போட்ட தாளில் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு தெரு. இடப்பக்கம் மூன்று நெடுவரிசைகளில் உள்ள 15 தெருக்கள் நீலக் கட்சிக்கும், வலப்பக்கம் உள்ள 10 தெருக்கள் பச்சைக் கட்சிக்கும் வாக்களிப்பவை. ஐந்து நெடுவரிசைகளையும் ஐந்து தொகுதிகளாக்கினால் நீலத்துக்கு 3, பச்சைக்கு 2. கோடுகளைக் குறுக்குவாட்டில் போட்டால் ஒவ்வொரு தொகுதியிலும் நீலம் மூன்று தெரு, பச்சை இரண்டு தெரு. ஐந்திலும் நீலமே வெல்லும். பச்சை ஆதரவுத் தெருக்களை மூன்று தொகுதிகளில் மும்மூன்றாகச் சேர்த்து, மீதி ஒன்றை நீலக் கோட்டைக்குள் தள்ளி, கோடுகளை வளைத்து வளைத்துப் போட்டால், சிறுபான்மையான பச்சை 3 இடங்களோடு பெரும்பான்மை பெறும். மூன்று வரைபடங்களிலும் தெருக்களும் வாக்குகளும் தொகுதியின் அளவும் ஒன்றே.

எதிர்த்தரப்பு வாக்குகளை ஒரே தொகுதிக்குள் அடைப்பதும், பல தொகுதிகளில் சிதறடிப்பதும் ஆகிய இந்த இரு உத்திகளும்தான் எல்லா முறைகேட்டுக்கும் வேர். 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்பமிட்ட வரைவில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்னும் பிராணியைப் போல நெளிந்து கிடந்ததால், இதற்கு ஜெர்ரிமாண்டர் என்ற பெயர் வந்தது. நெளிவை அளக்க ஒரு கணக்கு உண்டு: பரப்பளவை 12.57-ஆல் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.79, அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளமான பட்டைக்கு 0.26 வரும். ஆனால் கடற்கரையும் ஆற்று வளைவும் சுற்றளவைக் கூட்டிவிடும் என்பதால், இந்த எண்ணை மட்டும் கொண்டு யாரையும் குற்றம் சாட்டக் கூடாது. நம் கட்டத்தாளில் நீலம் ஐந்தையும் வாரிச் சென்ற குறுக்குக் கோடுகள் கண்ணுக்கு எவ்வளவு ஒழுங்காகத் தெரிந்தன என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆட்சேபம் எழுதும்போது

இந்தியாவில் அரசியலமைப்பின் 329-ஆவது பிரிவு மறுவரையறையில் நீதிமன்றத் தலையீட்டைப் பெரிதும் தடுக்கிறது; அமெரிக்காவிலோ கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போட்டார்கள் என்ற புகாரைக் கூட்டரசு நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே வரைவின் மீது பொதுமக்கள் கருத்துச் சொல்லும் அந்தச் சில வாரங்களே பலருக்குக் கிடைக்கும் முழுமையான வாய்ப்பு. 'எங்கள் ஊரைப் பிரிக்காதீர்கள்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ஊரைச் சேர்த்தால் அந்தத் தொகுதியின் எண்ணிக்கை எவ்வளவு கூடும், வரம்பைத் தாண்டினால் எந்தப் பகுதியை அடுத்த தொகுதிக்கு மாற்றலாம், அதனால் அந்தத் தொகுதியின் விலகல் என்னவாகும் என்று சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை எண்களோடு காட்டுங்கள். ஒரே பள்ளி, ஒரே சந்தை, ஒரே பேருந்துத் தடம், ஒரே பாசனக் கால்வாய் என்று அந்த மக்களைப் பிணைக்கும் காரணங்களை அதன் கீழ் எழுதுங்கள். இறுதி ஆணை வந்ததும், வரைபடத்தை மட்டும் பார்த்து நிறைவடையாமல், இணைப்பில் உள்ள கிராமங்கள், வார்டுகளின் பட்டியலை உங்கள் குறிப்போடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒரு பெயர் விடுபட்டாலோ இரு தொகுதிகளில் வந்தாலோ, திருத்தம் கேட்க வேண்டியது அன்றைக்கே.