மின்சார லாரி: வாங்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

மின்சார லாரி என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. டீசல் வண்டியை வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு லோடு தேடலாம். நாமக்கல்லில் புக்கிங் ஆபீசில் எந்த ஊருக்கு லோடு கிடைத்தாலும் கிளம்பிவிடலாம். மின்சார லாரியில் வரிசை தலைகீழ். எங்கிருந்து எங்கே, நாளைக்கு எத்தனை நடை, எத்தனை டன், வழியில் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் முடிவான பிறகுதான் வண்டியைப் பார்க்கவே போக வேண்டும்.

ஸ்விட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே ஒரு சிமென்ட் ஆலையின் குவாரியில் ஓடும் மின்சார டம்பர் இதற்கு நல்ல சான்று. கொமாட்சு நிறுவனத்தின் டீசல் டம்பரை மாற்றி, ஏறத்தாழ 600 யூனிட் கொள்ளும் பேட்டரியைப் பொருத்தினார்கள். குவாரி மலைமேல், ஆலை கீழே. 65 டன் கல்லுடன் வண்டி இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரியை நிரப்புகிறது. காலியாக ஏறத் தேவையான மின்சாரத்தில் பெரும்பகுதி இப்படியே கிடைத்துவிடுகிறது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நம் ஊர்க் கல்குவாரிக்கு அதே கணக்கைப் போடுபவர்கள் உண்டு. நம் குவாரிகள் பல, கீழ்நோக்கித் தோண்டிய பள்ளங்கள். அங்கே பாரம் ஏறுகிறது, காலி வண்டி இறங்குகிறது. வண்டி அதே வண்டிதான். வழித்தடம் வேறு, கணக்கும் நேர் எதிர்.

அடுத்தது காசுக் கணக்கு. டீசலைவிட மின்சாரம் மலிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த லாபம் ஓடும் கிலோமீட்டரில் வருவது. நிற்கும் வண்டிக்கு அது கிடையாது. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 55 டன் டிரெய்லர், காலியும் பாரமுமாகச் சராசரியாக லிட்டருக்கு 3 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய். கிலோமீட்டருக்குச் சுமார் 31 ரூபாய் ஆகிறது. மின்சார வண்டி கிலோமீட்டருக்கு 1.4 யூனிட் எடுக்கிறது, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 1.55 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றால் பதினைந்தரை ரூபாய். கிலோமீட்டருக்கு 15 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடினால் 9 லட்சம். 30,000 ஓடினால் நாலரை லட்சம்தான். வண்டியின் விலையோ டீசல் வண்டியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. நாலரை லட்சம் அந்தக் கூடுதல் விலையின் வட்டிக்கே போதாது.

சென்னைத் துறைமுகக் கண்டெய்னர் ஓட்டத்தை மின்சாரத்துக்கே செய்துவைத்தது போலப் பலர் பேசுகிறார்கள். தூரத்தைப் பார்த்தால் உண்மைதான். துறைமுகத்துக்கும் யார்டுக்கும் நடுவே குறைந்த தூரம், மாலையில் வண்டி அதே இடத்துக்குத் திரும்பிவிடும், வரிசையில் காத்து நிற்கும்போது எஞ்சின் ஓடி டீசல் கரையாது. ஆனால் எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் வண்டி ஒரு நாளில் எத்தனை நடை அடிக்கும்? 200 கிலோமீட்டர் என்று போட்ட கணக்கு 80 கிலோமீட்டரில் முடிந்தால் தவணை கட்டுவது எப்படி? தூரம் பொருந்துவது வேறு, நடை பொருந்துவது வேறு. இதைக் கவனிக்காமல் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு என்பது என் எண்ணம்.

விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை அப்படியே நம்புவதும் உண்டு. உதாரணமாக, 280 யூனிட் பேட்டரியில் அடிமட்டம் வரை ஓட்டவும் முடியாது, ஒவ்வொரு முறையும் முழுதாக நிரப்ப நேரமும் இருக்காது. 10 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் நடுவே ஓட்டினால் கையில் இருப்பது 224 யூனிட். கிலோமீட்டருக்கு 1.4 யூனிட் என்ற கணக்கில் 160 கிலோமீட்டர். இதில் மேடு, எதிர்க்காற்று, ஓவர்லோடு எதுவும் சேரவில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம், அதுவும் பேட்டரியில்தான் ஓடும். நல்லதுதான், மே மாத வெயிலில் ஓட்டுநர் வேகக் கூடாது. கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

எடையைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. 280 யூனிட் பேட்டரி இரண்டு டன் அளவில் வரும். எஞ்சினும் கியர்பாக்ஸும் டீசல் டேங்கும் போவதால் ஒரு பகுதி ஈடாகும், மிச்சம் லோடில் குறையும். பஞ்சு, தெர்மோகோல், பிஸ்கட் ஏற்றுபவருக்குக் கவலை இல்லை. எடை எட்டும் முன்பே இடம் நிறைந்துவிடும். சிமென்டும் இரும்பும் டன் கணக்கு வாடகையில் ஏற்றுபவருக்கு ஒவ்வொரு நடையிலும் அது இழப்பு. ஐரோப்பிய ஒன்றியம் புகையில்லா லாரிகளுக்கு 2 டன் வரை கூடுதல் எடை அனுமதித்தது இதனால்தான்.

சார்ஜர் விஷயத்தில் நடக்கும் தவறு எளிமையானது: வண்டிக்கு முன்பணம் கட்டிய பிறகு மின் இணைப்புக்கு விண்ணப்பிப்பது. ஐந்து வண்டிகளை ஒரே நேரத்தில் 240 கிலோவாட்டில் சார்ஜ் போட்டால் 1,200 கிலோவாட் வேண்டும். உயர் மின்னழுத்த இணைப்பு, தனி டிரான்ஸ்பார்மர், கேபிள், இடம் எல்லாம் இதில் அடக்கம். வண்டி வந்து இணைப்பு வராவிட்டால், தவணை மட்டும் ஓடும். நெடுஞ்சாலைச் சார்ஜர்களை நம்புவதும் ஆபத்து. பல இடங்கள் கார்களுக்காக அமைக்கப்பட்டவை; டிரெய்லர் உள்ளே நுழையவே முடியாது. இரண்டு வண்டிகளைச் செருகினால் சக்தி பாதியாகப் பிரியும் இயந்திரங்களும் உண்டு.

இரவில் மின்சாரம் மலிவு என்ற எண்ணமும் இங்கே பழசாகிவிட்டது. பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு மத்திய அரசு 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை வழங்க மின்வாரியத்துக்கு ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் கட்டணம் வைக்கலாம். வெயில் நேரத்துச் சோலார் மின்சாரத்தைப் பயன்படுத்த வைக்கும் ஏற்பாடு இது. பகல் முழுக்க ஓட்டி இரவெல்லாம் சார்ஜ் போடத் திட்டமிடுபவர், தம் மாநிலக் கட்டண ஆணையைப் படித்துவிட்டு மதிய இடைவெளியைப் பற்றி யோசிப்பது நல்லது.

எந்த மின்சாரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்பது காசுக்கு மட்டுமல்ல, காற்றுக்கும் முக்கியம். "புகையே இல்லை" என்று பக்கவாட்டில் எழுதி ஓட்டுவது பாதி உண்மை. மணலியிலும் திருவொற்றியூரிலும் சாலையோரம் வாழ்பவர்களுக்குக் கரும்புகை குறைவது பெரிய விடுதலை. ஆனால் இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, 1.55 யூனிட்டுக்கு 1.1 கிலோ. லிட்டருக்கு 2.7 கிலோ வெளியிடும் டீசல், 3 கிலோமீட்டர் மைலேஜில் கிலோமீட்டருக்கு 0.9 கிலோ. எண்ணெய் எடுத்துச் சுத்திகரிக்கும்போது வெளியாவதையும் சேர்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு வருவது காற்றாலை, சோலார் மின்சாரத்தில் சார்ஜ் போடும்போது.

ஓட்டுநரிடமும் ஒரு பழைய பழக்கம் உண்டு: இறக்கத்தில் நியூட்ரல். டீசலிலேயே ஆபத்தான வேலை. தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மின்சார வண்டியில் இதனால் நட்டமும் சேர்கிறது. பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய மின்சாரம் வீணாகிறது. இன்னொன்று: மலை உச்சியில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. நிரம்பிய பேட்டரியில் வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. மோட்டார் பிடிக்க வேண்டிய வேகத்தைப் பிரேக் மட்டும் பிடிக்க வேண்டிவரும்.

கடைசியாக மானியம். மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டு ஃபைனான்ஸ் பேசப் போவோர், பழைய டீசல் லாரியை உடைத்ததற்கான சான்று வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். உடைக்கப் பழைய வண்டி இல்லாதவர், அந்தச் சான்றுக்கு வழி தெரிந்த பிறகே மானியத்தைக் கணக்கில் எழுத வேண்டும்.