நிலத்தடி ரயில் நிலையம்: நடைமேடைச் சுரங்கங்களை வரைவது எப்படி?

முதலில் நடைமேடையை வரையாதீர்கள். ரயில் ஓடும் இரண்டு சுரங்கங்களை வரையுங்கள். அவற்றுக்கு நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும்.

படி 1: மைய இடைவெளி
இயந்திரம் குடையும் இரட்டைச் சுரங்கங்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு விட்ட அளவு மண்ணை விட்டுவைப்பது வழக்கம். வெளிவிட்டம் 6 மீ என்றால் மையத்துக்கு மையம் 12 மீ. நிலையத்தை மேலிருந்து தோண்டிக் கட்டினால், இந்த இடைவெளியே நடுமேடையாகிவிடும். ரயிலின் பாதி அகலம் 1.45 மீ, ரயிலுக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே இடைவெளி 0.1 மீ, இரு பக்கமும் கழித்தால் மிஞ்சுவது 8.9 மீ. எஸ்கலேட்டரும் படிக்கட்டும் நடுவில் தாராளமாக உட்காரும். பக்கமேடைதான் (தண்டவாளங்கள் நடுவிலும் மேடைகள் இரு வெளிப்புறங்களிலும்) வேண்டும் என்றால் தண்டவாளங்களை நிலையத்துக்கு முன்பே நெருக்கிக் கொண்டுவர வேண்டும். காரணமில்லாமல் அதில் இறங்காதீர்கள்.

படி 2: மேலே தோண்ட வழியில்லாவிட்டால்
ஒவ்வொரு மேடைக்கும் தனிச் சுரங்கம், நடுவில் மக்கள் நடக்க மூன்றாவது சுரங்கம், இவற்றை இணைக்கும் குறுக்கு வழிகள். மாஸ்கோவின் ஆழமான நிலையங்கள் பலவும் இந்த அமைப்புதான். குறுக்கு வழிகளை ஒரே முனையில் வைப்பது புதியவர்கள் செய்யும் தவறு: கூட்டம் அங்கேயே தேங்கும், மறுமுனை காலியாகக் கிடக்கும். தெரு குறுகலா? லண்டன் சான்சரி லேனில் செய்ததுபோல மேடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

படி 3: நீளமும் நேர்கோடும்
22 மீ பெட்டிகள் 6 என்றால் 132 மீ. ரயில் சற்று முன்பின்னாக நிற்பதற்கும் சேர்த்து 140 மீ வையுங்கள். மேடை நேராக இருக்கட்டும். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளும். அளவு, போகி (பெட்டிக்கு அடியில் இரு முனைகளிலும் உள்ள சக்கரத் தொகுதி) மைய இடைவெளியின் வர்க்கத்தை ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் வரும். 15 மீ இடைவெளி, 300 மீ ஆரம் என்றால் 94 மி.மீ. உள்வளைவு மேடையை அந்த அளவு செதுக்கியாக வேண்டும். செதுக்கினால் பெட்டியின் முனைக் கதவுகளில் கால் நுழையும் சந்து விழும்.

படி 4: மேடு
நிலையத்தைச் சற்று உயரத்தில் வையுங்கள். வரும் ரயிலுக்கு ஏற்றம் பிரேக் போடும், புறப்படும் ரயிலை இறக்கம் தள்ளிவிடும். 1900-இல் திறந்த லண்டன் சென்ட்ரல் பாதையில் ஏற்றம் 60-க்கு 1, இறக்கம் 30-க்கு 1.

படி 5: வெளியேற்றம்
அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 130 விதிப்படி மேடை 4 நிமிடத்தில் காலியாக வேண்டும். 6 நிமிடத்தில் மக்கள் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். ஒரு எஸ்கலேட்டர் பழுதாகிக் கிடப்பதாகவே வைத்துக் கணக்கிடுங்கள். நேரம் போதவில்லை என்றால் மேடையை அகலமாக்கிப் பயனில்லை. மறுமுனையில் இன்னொரு படிக்கட்டுக்கு இடம் தேடுங்கள்.