நாவலாசிரியரைப் பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு

கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள், வாசகர் வட்டம் நடத்துகிறவர்கள், சிற்றிதழுக்கோ யூடியூபுக்கோ ஒரு எழுத்தாளரிடம் பேசிப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள், எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். மதுரையில் ஆரம்பித்து ராஜபாளையம், கோவில்பட்டி வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றினால் தமிழில் நாவல் எழுதியவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்கள் திடமாக இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

ப. சிங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம்புணரிக்காரர். இளம் வயதில் இந்தோனேசியாவுக்குப் போய், போர்க்காலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். ஒய்.எம்.சி.ஏ. அறையில் பல பத்தாண்டுகள் தனியாளாக வாழ்ந்தார். 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது, அவர் இறந்தது 1997இல். இடையில் இருபத்தைந்து வருடம் இதே ஊரில்தான் நடமாடிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவரிடம் எடுக்கப்பட்ட பேட்டிகள் மிகவும் குறைவு. அந்த நாவலில் பாண்டியன் கடல் தாண்டிய ஊரில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இதில் எது கண்ணால் கண்டது, எது செவிவழி வந்தது, எந்தத் தெருவை எந்த வயதில் பார்த்தீர்கள் என்று கேட்க ஆயிரம் இருந்தது. இங்கேயே வாழ்ந்து 1981இல் மறைந்த ஜி. நாகராஜன் விஷயமும் அப்படித்தான், அவரைப் பற்றி நண்பர்கள் எழுதியவை நிறைய, அவரே உட்கார்ந்து விரிவாகப் பேசியது கொஞ்சம்.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

முதலில் படியுங்கள். முழுதாகப் படியுங்கள். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல், பூமணியின் 'அஞ்ஞாடி'யும் அப்படித்தான். விமர்சனக் கட்டுரை ரெண்டு, விக்கிப்பீடியா ஒன்று, அட்டைக் குறிப்பு என்று வாசித்துவிட்டுப் போனால் பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அவர் மேடையில் சொல்வதையே உங்களிடமும் சொல்லி அனுப்பிவிடுவார். வாங்க வசதி இல்லையென்றால் நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள், 2023இல் திறந்தது, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். படிக்கும்போது 'அருமை' என்று தோன்றுகிற இடங்களைவிட, 'இது இவருக்கு எப்படித் தெரிந்தது?' என்று தோன்றுகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன.

முடிந்தால் நாவல் நடக்கும் ஊருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 'காவல் கோட்ட'த்தில் வரும் தாதனூரைப் படித்தவர்கள், அந்தக் கற்பனை ஊருக்கு மூலமான மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடிக்குப் போய், சமணர் மலையடிவாரத்தில் அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் பார்த்துவிட்டு, இங்கிருந்து மதுரைக்கு ராத்திரியில் நடந்து போயிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்தாலே நாலைந்து கேள்வி தானாக வரும். சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய பிரிட்டிஷ்காலக் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு இந்தப் பக்கத்து மக்களை என்ன பாடு படுத்தியது, 1920இல் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய பெருங்காமநல்லூரில் என்ன நடந்தது என்பதெல்லாம் தெரியாமல் அந்த நாவலைப் பற்றிப் பேசப் போவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் தொடர்பு கொள்வது. முதலில் ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். நீங்கள் யார், அவருடைய எந்தப் புத்தகங்களைப் படித்தீர்கள், பேட்டி எங்கே வரும், எவ்வளவு நேரம் வேண்டும், இவ்வளவு போதும். அழைக்கும் முறை ஆளுக்கு ஆள் மாறும். மூத்தவர்களை 'ஐயா', 'அம்மா' என்று கூப்பிடுவது எங்கேயும் தப்பாகாது. முற்போக்கு எழுத்தாளர் சங்கத்து ஆட்களாக இருந்தால் 'தோழர்' என்பதுதான் இயல்பு, அந்தச் சங்கமே 1975இல் மதுரையில் பிறந்ததுதான். கொஞ்சம் பழகியபின் 'அண்ணே' என்று அவர்களே கூப்பிடச் சொல்வார்கள். அதுவரை அவசரப்பட வேண்டாம்.

இடம் அவர் வீடாக இருந்தால் நல்லது. புத்தகத் திருவிழா அரங்கில், நூறு பேர் கையெழுத்துக்கு நிற்கும்போது பிடித்து இழுத்து எடுத்த பேட்டி எதுவும் உருப்பட்டதாக நான் பார்க்கவில்லை. மாசி வீதி டீக்கடைப் பேச்சு நன்றாக இருக்கும்தான், பிறகு ஒலிப்பதிவைக் கேட்டால் ஹாரன் சத்தம்தான் இருக்கும். சித்திரைத் திருவிழா நாட்களையும் விட்டுவிடுங்கள், நீங்களும் போய்ச் சேர முடியாது, அவர் வீட்டிலும் விருந்தாளிகள் இருப்பார்கள். கோவில்பட்டிப் பக்கம் போவதானால் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் முதல் சுற்றுப் பேச்சு முடிந்துவிடும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, அவருக்குப் பக்கத்தில், ஒரு துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள், இல்லாவிட்டால் டம்ளர் வைக்கிற சத்தமெல்லாம் இடிபோல் விழும். மின்விசிறி நேர்மேலே இருந்தால் நாற்காலியை நகர்த்திக்கொள்ளுங்கள். இன்னொரு போனிலும் பதிவு ஓடட்டும். பதிவு செய்யப்போகிறேன் என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் பொத்தானை அமுக்க வேண்டும்.

கேள்வி விஷயத்துக்கு வருவோம். 'எழுதத் தூண்டியது எது?', 'விருது கிடைத்தபோது எப்படி உணர்ந்தீர்கள்?', 'இளம் எழுத்தாளர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?' இந்த மூன்றையும் தயவுசெய்து கேட்காதீர்கள். இவற்றுக்கு எல்லா எழுத்தாளரிடமும் மனப்பாடமான பதில் இருக்கிறது. சோ. தர்மனின் 'சூல்' நாவலை எடுத்துக்கொண்டால், உருளைக்குடிக் கண்மாய்தான் அதற்கு மையம். அதற்கு 2019இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்ததைப் பற்றிக் கேட்டால் ஒரு நிமிடத்துக்குப் பதில் வரும். மடையை யார் திறப்பார், எந்த வயலுக்கு முதல் தண்ணீர், கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக உபரித் தண்ணீர் போகும் நாளில் ஊர் என்ன செய்யும், இதை உங்களுக்குச் சொன்னது யார் என்று கேட்டால், சொன்ன தாத்தா வருவார், தாத்தாவின் கோபம் வரும், ஊரில் யார் யாருக்குத் தண்ணீரில் பங்கில்லை என்பது வரும். எழுதும் முறையைக் கேட்பதும் அப்படியே. 'உங்கள் எழுத்துமுறை என்ன' என்று கேட்டால் அவர் என்னதான் சொல்வார்? கையால் எழுதுகிறீர்களா, தட்டச்சா, வெட்டிய அத்தியாயம் எது, அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு எழுத்தாளரிடம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும், அவர் எழுந்து போய், பரணிலிருந்து ஒரு மஞ்சள் பையை இறக்கினார். உள்ளே பழைய டைரித் தாள்களில், இரண்டு வண்ண மையில், அச்சில் வராத முப்பது நாற்பது பக்கம். ஓரத்தில் 'இவள் இப்படிப் பேச மாட்டாள்' என்று அவரே தனக்கு எழுதிக்கொண்ட குறிப்பு. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து கேள்வியே தேவைப்படவில்லை.

அவர் பேச்சை நிறுத்தினால் நீங்கள் உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். பேசாமல் இருங்கள், பெரும்பாலும் நல்ல விஷயம் அப்புறம்தான் வரும்.

சாதி, ஊர், அடையாளம். இதைத் தொடாமல் நம் ஊர் நாவலாசிரியர் யாரிடமும் பேச முடியாது, தொடுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார், தலித் எழுத்து என்ற பெயரைத் தன் எழுத்துக்கு உரிமையோடு எடுத்துக்கொண்டவர். சோ. தர்மனோ தன்னை அந்தப் பெயருக்குள் அடைக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லி வருபவர். இரண்டு பேருக்கும் அவரவர் காரணம் இருக்கிறது, இரண்டுமே வாழ்க்கையிலிருந்து வந்த காரணம். ஆக 'ஒரு தலித் எழுத்தாளராக நீங்கள்...' என்று நீங்களாகப் பெயர் சூட்டிக் கேள்வியைத் தொடங்காதீர்கள். அதேபோல் ஆதிக்கச் சாதியில் பிறந்த எழுத்தாளரிடம் சாதியைப் பற்றிக் கேட்காமலே எழுந்து வருவதும் நியாயமில்லை, அவருக்கும் சாதி இருக்கிறது, அவர் நாவலில் யார் வீட்டு வாசல்வரை வருகிறார், யார் உள்ளே வருகிறார் என்பதும் இருக்கிறது. அந்தக் காட்சியைப் பக்க எண்ணோடு காட்டிக் கேளுங்கள். 'அந்தக் கிழவி ஏன் திண்ணையில் உட்காராமல் நிற்கிறாள்?' என்று கேட்டால் போதும்.

பெண் எழுத்தாளர்களிடம் மட்டும் 'சமையல், பிள்ளைகளுக்கு நடுவே எப்படி எழுதுகிறீர்கள்?' என்று கேட்கும் பழக்கத்தையும் விட வேண்டும். கேட்பதானால் ஆண்களிடமும் கேளுங்கள், நீங்கள் எழுதிய பத்து வருடமும் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று. அந்தப் பதிலில் ஒரு குடும்பத்தின் கதையே வரும்.

எழுத்தில் இறக்கும்போது அவர் மொழியைக் கழுவித் துடைத்துவிடாதீர்கள். 'அங்கிட்டு', 'வந்தாக', 'என்னத்தச் சொல்ல' என்று அவர் சொன்னால் முக்கியமான இடங்களில் அப்படியே இருக்கட்டும், எல்லா வரியிலும் வைத்தால் படிக்கிறவர் திணறுவார், எங்கே வைப்பது என்பது காதுக்குத் தெரியும். திரும்பச் சொன்னதை வெட்டலாம், வரிசையை மாற்றலாம். அவர் சொல்லாத ஒரு வார்த்தையைச் சேர்க்கக் கூடாது. தானியங்கிச் செயலிகள் எழுதித் தருவதை அப்படியே நம்ப வேண்டாம், வட்டாரச் சொல் வந்தால் அவை பெரும்பாலும் வேறெதையோ எழுதி வைக்கும், ஒருமுறை காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

வெளியிடும் முன் அவருக்கு அனுப்புங்கள். இதைச் சிலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். பெருமாள்முருகன் தன் 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்பால் 2015இல் எழுத்தையே நிறுத்துவதாக அறிவிக்க வேண்டி வந்ததும், 2016இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே திரும்பி வந்ததும் எல்லோருக்கும் தெரியும். பேச்சுவாக்கில் சொன்ன ஒரு தெருப் பெயர், ஒரு குடும்பப் பெயர், தலைப்பில் பெரிதாகப் போட்ட ஒரு சாதிப் பெயர் அவரை ஊரில் நடமாட முடியாமல் செய்துவிடலாம். 'இதை எடுத்துவிடுப்பா' என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

ஒலிக்கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். பெயர், ஊர், தேதி போட்டு இரண்டு இடத்தில் சேமித்து, ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு அவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.