இசமால்: ஒரு நாளில் முறையாகப் பார்க்க

மெக்சிகோவின் யுகட்டான் மாநிலத்தில், மெரிடாவிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது இசமால். ஊரின் நடுப்பகுதி முழுக்க மஞ்சள் வண்ணம். அதைப் படம் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டால், ஊரின் பாதிதான் கண்ணில் பட்டிருக்கும். பழங்குடிகளான மாயா மக்கள் கட்டிய பிரமிடு முதலில், கிறித்தவ மடம் பிறகு என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

மெரிடாவிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இறங்கியதும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கான்குனிலிருந்து வருபவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். இதை மறந்தால் திரும்பும் நேரக் கணக்கு குழம்பிப்போகும். இந்த வட்டாரத்தில் ஓடும் மாயா ரயிலின் நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து வண்டி பிடித்துத்தான் வர வேண்டும். தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: இரட்டைப்படை எண்கள் வடக்கு தெற்காகவும், ஒற்றைப்படை எண்கள் கிழக்கு மேற்காகவும் ஓடும். வழி கேட்கும்போது எந்த இரு தெருக்களுக்கு இடையே என்று கேட்டால் சரியாகக் காட்டுவார்கள்.

காலையில் நேரே கினிச் காக் மோ பிரமிடுக்குப் போய்விடுங்கள். சதுக்கத்திலிருந்து வடக்கே சில நிமிட நடைதான். சூரிய முகம் கொண்ட நெருப்புப் பஞ்சவர்ணக்கிளி என்பது பெயரின் பொருள். அடித்தளம் ஏறக்குறைய 200க்கு 180 மீட்டர், உயரம் சுமார் 35 மீட்டர். படிகள் உயரமானவை, பாதம் முழுதாகப் பதியாத அளவுக்குக் குறுகலானவை. நேராக ஏறாமல் குறுக்காக, சற்றே சாய்ந்து ஏறுங்கள். இறங்கும்போதும் உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் கல் வழுக்கும், செருப்பு வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துப்போங்கள். மேலே நிழலே கிடையாது.

முதல் ஏற்றம் முடிந்ததும் அகன்ற மேடை ஒன்று வரும். உச்சி அதுவல்ல. மேடையைக் கடந்து நடந்தால் பின்னால் இன்னொரு பிரமிடு எழும்புகிறது. அதன் மேல் ஏறினால்தான் ஊர் முழுதும் தெரியும். அங்கிருந்து தெற்கே பாருங்கள்: மஞ்சள் மடம் மற்றக் கூரைகளுக்கு மேலே தூக்கி வைத்தாற்போல நிற்கும். அதைத் தாங்குவது பாப் ஹொல் சாக் என்ற மாயா பிரமிடின் அடித்தளம். இதைப் பார்த்துவிட்டு இறங்கினால், மடத்துக்கு ஏறும் சரிவுப்பாதையில் கால் வைக்கும்போதே எதன் மீது ஏறுகிறோம் என்பது தெரிந்துவிடும்.

பதுவை அந்தோனியார் பெயரிலான, பிரான்சிஸ்கன் சபைத் துறவியரின் மடம் அது. 1561இல் கட்டி முடித்தார்கள்; மேலிருந்த மாயா கட்டடத்தை இடித்து, அந்தக் கல்லையே பயன்படுத்தினார்கள். முற்றத்தைச் சுற்றி 75 வளைவுகள். வேகமாகக் கடந்துவிடாமல் சுவர்களை அருகில் நின்று பாருங்கள். சில கற்களில் பழைய மாயாச் செதுக்கல் இன்னும் தெரிகிறது. மடத்தை எழுப்பிய ஸ்பானியத் துறவி தியேகோ தெ லாந்தாதான் 1562இல் மானி என்ற ஊரில் மாயா ஓலைகளை, அதாவது மரப்பட்டைத் தாளில் எழுதிய சுவடிகளை, எரித்தவர். மாயா எழுத்தைப் படிக்கப் பின்னாளில் பெரிதும் உதவியதும் அவர் எழுதிவைத்த குறிப்புகளே. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். பூசை நடக்கும் வேளையில் படம் எடுக்காதீர்கள். தோளும் முழங்காலும் மறையும் உடையே மரியாதை. முகப்பு மேற்கு நோக்கியது, ஆகவே மஞ்சள் நிறம் பிற்பகலில்தான் நன்றாகப் பதியும்.

உணவில் பொக் சுக் என்பது புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்துச் சுட்ட பன்றி இறைச்சி. இறைச்சி வேண்டாதவர்கள், முட்டை சாப்பிடுவார்களானால், பாப்பட்சூலெஸ் கேட்கலாம்: அவித்த முட்டையை மக்காச்சோள ரொட்டியில் சுற்றிப் பூசணி விதைச் சாறு ஊற்றித் தருவது. அவரைக் கூழில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். அது வேண்டாமென்றால் 'சின் மந்தேகா' (கொழுப்பு சேர்க்காமல்) என்று சொல்லிக் கேளுங்கள். அபனேரோ மிளகாய்ச் சட்னியை நுனி விரலால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றிக்கொள்ளுங்கள். சிறு கடைகளுக்குப் பேசோ ரொக்கம் கையில் இருக்கட்டும்.