பழைய தொழிற்சாலை நிலத்தை வாங்கும் முன்: அமெரிக்க பிரவுன்ஃபீல்டு சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ஊருக்கு நடுவே, கடைவீதியை ஒட்டி, பெரிய இடம் ஒன்று சல்லிசாக விலைக்கு வருகிறதென்றால் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். உரத் தொழிற்சாலை, முலாம் பூசும் பட்டறை, டிரை கிளீனிங் கடை என்று ஏதாவது ஒன்று அங்கே ஒரு காலத்தில் ஓடியிருக்கும். இப்படி மாசுபட்ட, அல்லது மாசுபட்டிருக்குமோ என்ற சந்தேகத்தாலேயே யாரும் தொடாமல் கிடக்கிற இடங்களை பிரவுன்ஃபீல்டு என்கிறார்கள். அவற்றை வாங்கிச் சுத்தம் செய்து திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவருகிறவர்களுக்குச் சட்டமே பாதுகாப்பு தருகிறது. அங்கே கடை, மோட்டல், கிடங்கு என்று முதலீடு செய்கிற தமிழர்களும் அதை நம்பி இறங்குகிறார்கள். நம்பலாம், தப்பில்லை. நிபந்தனைகளைப் படிக்காமல் நம்புவதுதான் தப்பு.

முதல் தவறு, "நான் எதையும் கொட்டவில்லையே, என்னை யார் கேட்பார்கள்?" என்ற நினைப்பு. நயாகரா ஃபால்ஸ் நகரத்தின் லவ் கேனால் பகுதியில், புதைத்த ரசாயனக் கழிவுக்கு மேலேயும் அதை ஒட்டியும் வீடுகளும் பள்ளியும் கட்டி, 1978இல் மக்களை வெளியேற்ற வேண்டிய நிலை வந்தது. அதன் பிறகு 1980இல் வந்ததுதான் சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும் சட்டம். கழிவைக் கொட்டியவர் மட்டுமல்ல, இன்றைக்கு யார் பெயரில் பத்திரம் இருக்கிறதோ அவரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பு என்கிறது அது. 1985இல் ஷோர் ரியால்ட்டி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஐயமறச் சொல்லிவிட்டது. கட்டுமானத்துக்காக இடம் வாங்கிய நிறுவனம் அது. கழிவைக் கொண்டுவந்தவர்கள் வேறு யாரோ. ஆனாலும் செலவு வாங்கியவர் தலையில்தான் விழுந்தது.

விளைவு என்ன? பழைய நிலம் என்றாலே முதலீட்டாளர்களும் வங்கிகளும் ஒதுங்கினார்கள். ஊருக்கு வெளியே வயல்களை வாங்கிக் கட்டினார்கள். அதைச் சரிசெய்யத்தான் 2002 ஜனவரி 11 அன்று புதிய திருத்தச் சட்டம் கையெழுத்தானது. அந்தத் தேதிக்குப் பிறகு, மாசு இருப்பது தெரிந்தே வாங்கினாலும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் பொறுப்பு உங்கள் மேல் வராது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இந்தப் பாதுகாப்புக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. விண்ணப்பம் இல்லை, முத்திரை இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. சில சமயம் ஒரு கடிதம் தரும். அந்த இடத்தைப் பற்றித் தன்னிடம் என்ன தகவல் இருக்கிறது என்பதைச் சொல்லும் கடிதம், அவ்வளவுதான். நாளைக்கே வழக்கு வந்தால் ஒவ்வொரு நிபந்தனையையும் நிறைவேற்றினேன் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

அடுத்தது தேதிக் கணக்கு. ஊரில் கிரயத்துக்கு முன்னால் வில்லங்கம் பார்ப்பதுபோல, இங்கே வாங்குவதற்கு முன்னால், இடத்தில் மாசு இருக்க வாய்ப்புண்டா என்று சுற்றுச்சூழல் நிபுணரை வைத்துப் பார்க்கும் ஃபேஸ் ஒன் என்ற ஆய்வைச் செய்ய வேண்டும். வாங்கிய மறுநாள் செய்தால்கூடப் பயனில்லை. ஆய்வு ஒரு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அதற்குள்ளும் ஐந்து அம்சங்கள் கிரயத்துக்கு முந்தைய 180 நாட்களுக்குள் நடந்திருக்க வேண்டும்: உரிமையாளர்களிடம் விசாரிப்பது, சுற்றுச்சூழல் தொடர்பான வில்லங்கத் தேடல், அரசு ஆவணங்களைப் பார்ப்பது, இடத்தை நேரில் பார்ப்பது, நிபுணரின் உறுதிமொழி. அறிக்கையின் அட்டையில் இருக்கும் தேதியை வைத்து 180 நாளை எண்ணுகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு வேலையும் நடந்த நாளிலிருந்துதான் கணக்கு. பிப்ரவரியில் ஆவணம் பார்த்து, ஏப்ரலில் அறிக்கை வந்து, கடன் இழுத்தடித்து செப்டம்பரில் கிரயம் ஆனால் கதை முடிந்தது. விற்பவர் தன்னிடமிருக்கும் பழைய அறிக்கையை நீட்டினாலும் இதே சிக்கல்தான்.

"வங்கி கேட்டது, நிபுணர் செய்தார், எனக்கென்ன வேலை?" என்பதும் சரியல்ல. வாங்குபவரே பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் விதியில் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது: கேட்கும் விலை, மாசு இல்லாதிருந்தால் இருக்கக்கூடிய சந்தை விலையோடு பொருந்துகிறதா? இல்லையென்றால் ஏன்? மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் காலியாக விட்டுவிடுவது, பின்னால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பது மாதிரி.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் காஸ்ட்லியான தவறு, கிரயம் முடிந்த பிறகு கவனத்தை விடுவது. சவுத் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஆஷ்லி என்ற நிறுவனத்துக்கு நடந்ததைப் பார்த்தால் புரியும். பழைய உரத் தொழிற்சாலை நிலம். மண்ணில் ஆர்செனிக், ஈயம். ஆஷ்லி தெரிந்தேதான் வாங்கியது. ஆய்வும் செய்தது. சுத்தம் செய்த செலவை முந்தைய நிறுவனத்திடமிருந்து வாங்க வழக்குப் போட்டதும் ஆஷ்லிதான். நீதிமன்றமோ ஆஷ்லியையே பொறுப்பாளிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. காரணம், கழிவு தேங்கும் சில கான்கிரீட் குழிகள். மேலே இருந்த கட்டடங்களை இடித்தபோதே அவற்றைச் சுத்தம் செய்து மூடியிருக்க வேண்டும். ஆஷ்லி அப்படியே விட்டிருந்தது. குழியிலிருந்து எதுவும் கசிந்தது என்று நிரூபித்தாக வேண்டுமே என்றது ஆஷ்லி. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தெரியாமல் வாங்கியவரிடம் எதிர்பார்க்கும் கவனத்தைவிடத் தெரிந்து வாங்கியவரிடம் குறைவாக எதிர்பார்க்க முடியாது என்பது அதன் வாதம். நியாயம்தானே! ஆஷ்லியின் பங்காக விதிக்கப்பட்டது 5 சதவீதம். ஆனால் பாதுகாப்பு முழுசாகப் போய்விட்டது. ஆகவே குழி, பீப்பாய், இடிபாட்டுக் குவியல் எதுவானாலும் என்றைக்குப் பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று போட்டோவோடு பதிவு வைத்திருங்கள்.

சொந்தபந்தத்துக்குள் கைமாற்றுவதும் ஆபத்து. அண்ணனின் கம்பெனி மாசுபடுத்திய இடத்தைத் தம்பியின் பெயரில் புதிய எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) தொடங்கி வாங்கினால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. பொறுப்பாளியோடு குடும்ப உறவோ, நிலப் பத்திரத்தைத் தாண்டிய ஒப்பந்த, பண உறவோ இருக்கக்கூடாது என்பதும் ஒரு நிபந்தனை.

பெட்ரோல் பங்க் வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் ஆபத்தான பொருட்களுக்குள் பெட்ரோலியம் வராது. நிலத்தடித் தொட்டி கசிந்தால் வேறு மத்திய விதிகளும் மாநிலச் சட்டமும்தான் பேசும். பொதுவாகவே மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு மாநிலச் சட்டத்துக்குச் செல்லாது. நியூ ஜெர்சியில் 2009 முதல் உரிமம் பெற்ற தனியார் நிபுணர்தான் சுத்திகரிப்பை மேற்பார்த்து, வேலை முடிந்தது என்ற ஆவணத்தைத் தருகிறார். பக்கத்து மாநிலத்தில் நடைமுறை வேறு. அந்தந்த மாநில வக்கீலைப் பாருங்கள்.

"சுத்தம் செய்தாயிற்று" என்ற சொல்லையும் அப்படியே விழுங்கக்கூடாது. எந்தப் பயன்பாட்டுக்குச் சுத்தம்? கிடங்குக்குப் போதுமான அளவு குடியிருப்புக்குப் போதாது. கிணறு தோண்டாதே, தளத்தை உடைக்காதே என்ற கட்டுப்பாடுகள் பத்திரத்தோடு ஒட்டியிருக்கும். அதை மீறினால் பாதுகாப்பும் போய்விடும். நியூ ஜெர்சியின் ஃபிராங்க்ளின் டவுன்ஷிப்பில் பழைய வெப்பமானித் தொழிற்சாலைக் கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் நடந்து, 2006இல் குழந்தைகளின் உடலில் பாதரசம் தெரிந்தது. வெப்பமானித் தொழிற்சாலை என்றதும் நமக்குக் கொடைக்கானல்தான் ஞாபகம் வரும். அங்கே கதவை மூடிய பிறகும் பாதரசம் மண்ணில் தங்கியது. இங்கே குழந்தைகள் விளையாடிய கட்டடத்திலேயே தங்கியிருந்தது. அப்புறம்தான், இப்படிப்பட்ட கட்டடங்களில் காப்பகம் திறக்கக் கட்டாயச் சோதனை என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது.

கடைசியாகப் பணம். சுத்திகரிப்புச் செலவை ஒரே வருடத்தில் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் இன்னும் சிலர் எழுதுகிறார்கள். அந்த மத்திய வரிச் சலுகை 2011 கடைசியோடு முடிந்துவிட்டது. அரசு தன் செலவில் சுத்தம் செய்து உங்கள் நிலத்தின் மதிப்பு ஏறினால், ஏறிய மதிப்புக்கு மிகாமல், செலவை வசூலிக்க நிலத்தின் மேல் அரசு வில்லங்கம் போடலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். இ.பி.ஏ.யின் பிரவுன்ஃபீல்டு மானியம் லாப நோக்குள்ள தனியாருக்கு நேரடியாகக் கிடைக்காது. நகராட்சி, பழங்குடி அரசு, லாப நோக்கற்ற அமைப்புகள் போன்றவற்றுக்குத்தான். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கு 150 கோடி டாலர் ஒதுக்கியது. உங்கள் ஊர் நகராட்சியிடம் ஆய்வு மானியம் இருந்தால், உரிமையாளரின் சம்மதத்தோடு தனியார் நிலத்தையும் அதில் சோதிக்கலாம். சொந்தக் காசில் ஃபேஸ் ஒன்னுக்குச் சொல்வதற்கு முன்னால் நகராட்சியின் பொருளாதார வளர்ச்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.