ஊட்டிப் பக்கத்துச் சதுப்பைப் படிக்க ஒரு எளிய வழி

மேட்டுப் புல்வெளியிலிருந்து பள்ளத்து ஓடையை நோக்கி நேராக இறங்குங்கள். பத்தடிக்கு ஒருமுறை ஒரு சாண் ஆழக் குழி தோண்டி, எவ்வளவு நேரத்தில் தண்ணீர் ஊறுகிறது, மண் என்ன நிறம், சுற்றிலும் என்ன செடி என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மண்ணில் துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகள் இருந்தால் தண்ணீர் வந்து வந்து போகிற இடம், புல்லும் கோரையும் கலந்து நிற்கும். கறுப்பாக, பிழிந்தால் பஞ்சு போல நீர் சொட்டினால் அது முழுதாக மக்காத செடிகள் சேர்ந்த கரிமண். நீலகிரியில் இதில் சில படிவுகள் 20,000 ஆண்டுகளுக்கும் பழையவை, அதனால் தயவுசெய்து குழியைச் சின்னதாகத் தோண்டி அப்படியே மூடிவிடுங்கள். நீர் தேங்கி காற்று போகாததால்தான் அங்கே எதுவும் சீக்கிரம் மக்குவதில்லை.

அப்புறம், குனிந்து பாருங்கள். சத்தில்லாத ஈர மண்ணில் அழுகண்ணி இருக்கலாம், இலையிலுள்ள மயிர் நுனியெல்லாம் பசைத்துளி, அதில் ஒட்டிய கொசு. மண் தராத தழைச்சத்தை அது பூச்சியிலிருந்து எடுக்கிறது. தோடர்கள் கோயில் கூரை வேய்கிற புல்லும் சதுப்பில் வளர்வதுதான்.

ஓரத்தில் சீகை மரமோ (வாட்டில்) கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) இருந்தால் அதையும் குறியுங்கள், இரண்டும் நீரை நிறைய உறிஞ்சும். சரி, மழைக்குப் பின் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை அதே இடங்களில் மறுபடி தோண்டிப் பாருங்கள்.