வெளிநாட்டு கிளப்பில் ஸ்ட்ரைக்கராக ஆடப் போகிறவர் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுக் கால்பந்து கிளப் ஒன்று கூப்பிட்டதும் பெரும்பாலோர் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். கோல் அடிப்பதற்கென்றே முன்வரிசையில் ஆடும் ஸ்ட்ரைக்கர் முதலில் கேட்க வேண்டியது வேறு: அங்கே எனக்குப் பந்து யார் தருவார்? எத்தனை நிமிடம் ஆடுவேன்? ஸ்ட்ரைக்கரை எடைபோடுவது கோல் கணக்கை வைத்துத்தான். வெளிநாட்டவர் என்றால் கிளப்பின் பொறுமை இன்னும் குறைவு. பல லீகுகளில் வெளிநாட்டு வீரர்களுக்கான இடங்களே எண்ணி வைக்கப்பட்டவை. ஸ்பெயினின் லா லிகாவில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஓர் அணியில் 3 இடம்தான். கோல் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகவே அந்த அணியின் கடைசிப் பத்து ஆட்டங்களையாவது முழுதாகப் பாருங்கள். கோல் தொகுப்பு போதாது. கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் போடும் பந்து) எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, முன்னால் நிற்பது ஒருவரா இருவரா, தடுப்பு வரிசைக்குப் பின்னால் பந்து போடும் மிட்ஃபீல்டர் இருக்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பு வரிசைக்குப் பின்னால் ஓடிக் கோல் அடிப்பவர், கிராஸை நம்பி ஆடும் அணிக்குப் போனால் சீசன் முழுக்கப் பட்டினிதான். உங்கள் இடத்தில் இப்போது ஆடுபவரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும், உங்களைக் கேட்டது பயிற்சியாளரா நிர்வாகமா என்பதையும் விசாரியுங்கள். பயிற்சியாளர் மட்டும் விரும்பி எடுத்த வீரர், அவர் நீக்கப்பட்ட மறுவாரமே பெஞ்சில் உட்கார நேரலாம்.

சின்ன கிளப் என்று தயங்க வேண்டாம். லூயிஸ் சுவாரெஸ் 2006-ல் உருகுவேயிலிருந்து போனது நெதர்லாந்தின் குரோனிங்கனுக்கு. 2007-ல் அயாக்ஸ், 2011-ல் லிவர்பூல் என்று பெரிய கிளப்புகளுக்கு உயர்ந்தார். முகமது சலா 2014-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப்பிலிருந்து இங்கிலாந்தின் செல்சிக்குப் போய் வாய்ப்பின்றி இருந்தார். 2015-ல் லோனில் (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட அனுப்பும் ஏற்பாடு) இத்தாலியின் ஃபியோரெண்டினாவுக்குப் போன பிறகுதான் தொடர்ந்து ஆடினார். ஆடும் நிமிடங்களே அடுத்த கதவைத் திறக்கின்றன.

அனுப்பும் வீடியோ நான்கைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதனுடன் இரண்டு மூன்று முழு ஆட்டங்களையும் சேருங்கள். பந்தில்லாதபோது ஓடும் ஓட்டம், பந்தை இழந்ததும் கொடுக்கும் நெருக்கடி இரண்டும் அதில் தெரிய வேண்டும். பெனால்டி கோல்களைத் தனியாகக் காட்டுங்கள். பெனால்டி நான்கில் மூன்று கோலாகும் வாய்ப்பு என்பதால் தேர்வாளர்கள் எப்படியும் அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடுவார்கள்.

18 வயது ஆகாதவர் நாடு விட்டு நாடு மாறுவதை உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. பெற்றோர் கால்பந்து தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஏஜென்ட் ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்று அதன் தளத்திலேயே தேடிப் பாருங்கள். ட்ரயலுக்கு (கிளப் நடத்தும் தேர்வுப் பயிற்சிக்கு) பணம் கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அழைப்புக் கடிதம் வந்தால், அதில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, கிளப்பின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி உறுதி செய்யுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் இல்லாமல் ட்ரயலுக்குக் கிளம்பாதீர்கள்.

ஒப்பந்தத்தில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். ஃபிஃபா விதிப்படி, அந்நாட்டுச் சட்டம் வேறு காலத்தை அனுமதித்தால் ஒழிய, அது அதிகபட்சம் 5 ஆண்டு. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையை அந்த விதிகள் ஏற்பதில்லை. எனவே பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள். சம்பளம் வரி பிடித்த பிறகு கைக்கு வரும் தொகையா, பிடிப்பதற்கு முந்தைய தொகையா என்று எழுத்தில் இருக்க வேண்டும். நாட்டைப் பொறுத்து பாதி வரை வித்தியாசம் வரலாம். இரு மொழிகளில் ஒப்பந்தம் இருந்தால், முரண்பாடு வரும்போது எந்த மொழி வடிவம் செல்லும் என்ற வரியைத் தேடுங்கள். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டும் இருந்தால், சம்பள உயர்வையாவது அதனோடு கட்டுங்கள்.

கோல் போனஸை ‘15 கோலுக்கு இவ்வளவு’ என்று ஒரே தொகையாக ஏற்காதீர்கள். 14-ஆவது கோலோடு உங்களை வெளியே உட்கார வைக்க அதுவே காரணமாகிவிடும். 5, 10, 15 எனப் படிகளாகப் பிரியுங்கள். கோப்பை ஆட்டங்களும் பெனால்டிகளும் கணக்கில் உண்டா என்று தெளிவாக எழுத வையுங்கள்.

கையெழுத்தானாலும் உடனே ஆட முடியாது. பழைய நாட்டின் சங்கம், புதிய நாட்டின் சங்கத்துக்கு சர்வதேச டிரான்ஸ்ஃபர் சான்றிதழை ஃபிஃபாவின் டிஎம்எஸ் கணினி அமைப்பு வழியாக அனுப்ப வேண்டும். பழைய ஒப்பந்தம் முடிந்ததற்கான ஆவணமோ, 12 வயதிலிருந்து எந்தெந்த கிளப்பில் பதிவாகியிருந்தீர்கள் என்ற விவரமோ குறைந்தால் தாமதமாகும். அதற்குள் புதிய வீரர்களைப் பதிய அனுமதிக்கும் பதிவுக் காலமும் முடிந்துவிடலாம். இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பொது விதிப்படி ஒரே சீசனில் 3 கிளப்பில் பதியலாம், 2 கிளப்புக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். அவசர லோனுக்குத் தலையாட்டும் முன் இதை எண்ணிப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும் மைதான மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘திரும்பு’, ‘ஆள் வருகிறான்’, ‘விடு’, ‘முதல் கம்பம்’ போன்ற முப்பது சொற்கள் முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும். கால்பந்தில் அதிகம் அடிபடும் தசை தொடையின் பின்தசை. வேகமாக ஓடும் ஸ்ட்ரைக்கருக்கு அந்த ஆபத்து கூடுதல். ஓய்விலிருந்து நேரே வந்து, புதிய பயிற்சியாளரைக் கவர முதல் நாளே முழு வேகத்தில் ஓடுவதுதான் வழக்கமான தவறு. கிளம்பும் முன்பே சில வாரம் வேக ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டிவிட்டுச் செல்லுங்கள்.

சம்பளம் நின்றால் வாய்ப்பேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள். சொல்லாமல் ஊர் திரும்பவும் கூடாது. அப்படிப் போனால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். குறைந்தது 2 மாதச் சம்பளம் பாக்கியானால், நிலுவையைக் கட்ட 15 நாளாவது அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறிக்கலாம். வங்கிக் கணக்கு விவரம், மின்னஞ்சல்கள், பயிற்சிக்குப் போனதற்கான சான்று எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயத்தில் வீரருக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.